பனியிலும் ஸ்பீடு பிரேக்கர்!

தவளக்குப்பத்துக்காரனுக்குத் தெரிஞ்ச பனி ரெண்டே ரெண்டு. மார்கழி காலையில வயல் மேல நிக்கிறது ஒண்ணு, பெட்டிக்கடை ஐஸ்பெட்டியில ஒட்டிக்கிட்டு இருக்கிறது இன்னொண்ணு. அப்படிப்பட்ட என்னை மணாலி வரைக்கும் கொண்டு போய் விட்டது எங்க மூணாவது வருஷ ஐ.வி. அதாவது, இண்டஸ்ட்ரியல் விசிட். வீட்டுல அப்படித்தானே சொல்லணும்! தொழிற்சாலைக்கு ரெண்டு மணி நேரம், மணாலிக்கு மூணு நாள். அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த காசு.

மணாலி பக்கத்துல சோலாங் பள்ளத்தாக்கு. ஸ்கீ, பூட்ஸ், கோட்டு எல்லாமே வாடகைக்குக் கிடைக்குது. காலையில வழவழன்னு இருந்த சரிவு, மத்தியானத்துக்குள்ள இட்லித் தட்டைக் கவுத்த மாதிரி மேடும் பள்ளமும் ஆயிடுச்சு. "இதுக்குப் பேர் மொகல்"னார் பயிற்சியாளர். "அக்பர் சறுக்கின இடமா சார்?"னு எங்க செட்டுல ஒருத்தன் கேட்டே விட்டான். மனுஷன் சிரிக்கவே இல்லை! முகலாயருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை பாஸ். சின்ன மேட்டைக் குறிக்கிற ஆஸ்திரியப் பக்கத்து ஜெர்மன் சொல்லிலிருந்து வந்த பேராம்.

இந்த மேட்டை யாரும் மண்வெட்டி எடுத்துக் கட்டறதில்லை. ஒருத்தன் திரும்பும்போது அவனோட ஸ்கீ பனியைச் சுரண்டி ஒதுக்குது. அடுத்தவனும் அந்தக் குவியலைச் சுத்தியே திரும்புறான். இப்படியே நூறு பேர் போனா, மேடு ரெடி! இன்னொரு ஆச்சரியம்... நாம கீழே போறோம், மேடு மேலே ஏறுது. ஒரு மேட்டோட கீழ்ப்பக்கத்துல சுரண்டின பனி, அடுத்த மேட்டோட மேல்பக்கத்துல போய் ஒட்டிக்குது. நாள் கணக்குல பார்த்தா மொத்த வரிசையும் மெள்ள மலையேறும்.

இதுல எப்படிப் போறது? கடலூர் ரோட்டுல பைக்ல போறப்ப ஸ்பீடு பிரேக்கர் வந்தா, முட்டியை மடக்கி லேசா எழும்புவோமே, கிட்டத்தட்ட அதேதான். மேடு வந்தா முட்டியை மடக்கணும், பள்ளத்துல நீட்டணும். நெஞ்சு எப்பவும் சரிவைப் பார்த்தே இருக்கணும். கண்ணு காலடியில இல்லாம, ரெண்டு மேடு தள்ளி இருக்கணும். ஒவ்வொரு மேட்டுலயும் திரும்பணும். அந்தத் திருப்பம்தான் பிரேக். நேரா விட்டா கோவிந்தா!

ஷாக் அப்சார்பர் பத்திப் பக்கம் பக்கமா எழுதி மார்க் வாங்கினவன் நான். என் முட்டிக்கு அது புரியலை. ஏழு தடவை விழுந்தேன். அது காமெடி. அடுத்து நடந்தது காமெடி இல்லை.

பயிற்சியாளர் டீ குடிக்கப் போயிருந்த நேரம். என் பெஞ்ச்மேட் சரிவு உச்சியில தயங்கி நின்னான். "பயந்தாங்கொள்ளி, நேரா விடுடா மச்சி!"ன்னு கத்தினது நான்தான். விட்டான். ரெண்டாவது மேடு தூக்கி அடிச்சுது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல சென்னை வரைக்கும் காலை நீட்டிப் படுத்துக்கிட்டே வந்தான். முட்டியில ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு ஊருக்கு வந்து ஸ்கேன் எடுத்தப்பதான் தெரிஞ்சுது. அவங்கம்மாகிட்ட, "நானா வழுக்கி விழுந்துட்டேம்மா"ன்னான். என் பேரையே எடுக்கலை. அதுதான் இன்னும் குத்துது.

அப்புறம்தான் இதைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன். 1992 ஆல்பர்ட்வில் ஒலிம்பிக்லேர்ந்து மொகலுக்குப் பதக்கம் உண்டு. நூத்துக்கு 60 மார்க் திருப்பங்களுக்கு, 20 மார்க் ரெண்டு தாவலுக்கு. வேகத்துக்கு? வெறும் 20! அந்த இருபதுக்குத்தான் நான் அவனை விரட்டியிருக்கேன்.

நம்ம நாட்டுலயும் ஸ்கீயில அசத்துறவங்க இருக்காங்க. மணாலி பக்கத்துப் பொண்ணு ஆஞ்சல் தாக்கூர் 2018-ல் துருக்கியில வெண்கலம் ஜெயிச்சாங்க. குல்மார்க் சரிவுகள்ல பழகின ஆரிஃப் கான், 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ல இந்தியாவுக்காக இறங்கின ஒரே வீரர். ரெண்டு பேருமே சின்ன வயசுலேர்ந்து பனியிலயே வளர்ந்தவங்க. நாங்க? அரை நாள் வாடகை பூட்ஸ்!

இப்ப தினமும் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போறேன். பிசியோ சொன்னபடி அவன் முட்டியை மடக்கி மடக்கி நீட்டறான். நான் பக்கத்துல உட்கார்ந்து எண்ணறேன்.

ஐ.வி. கிளம்புற ஜூனியர்ஸ், பயிற்சியாளர் இல்லாம சரிவுல இறங்காதீங்க. எவனாவது "நேரா விடுடா"ன்னு கத்தினா காதுலயே வாங்காதீங்க. கத்துறது நானாவே இருந்தாலும்!