காத்திருந்தவளின் முகம்

ஒரு நடிகையின் வாழ்வை அவர் நடித்த படங்களின் எண்ணிக்கையால் அளப்பது எமது பழக்கம். சோவியத் நடிகை தத்யானா சமோய்லோவாவை அந்தக் கோலால் அளந்தால் பெரிதாக ஒன்றும் தேறாது. 1934 மே 4இல் லெனின்கிராட்டில் பிறந்து, 2014இல் தமது எண்பதாவது பிறந்தநாளன்றே மறைந்த அவருக்குப் பெயர்சொல்லும் படங்கள் சிலவே. 1967இல் வெளிவந்த 'அன்னா கரேனினா' அவற்றுள் ஒன்று. மேற்குலகிலிருந்து வந்த அழைப்புகளை ஏற்கச் சோவியத் அதிகாரிகள் இடமளிக்கவில்லை என்பர். ஆயினும், மிகைல் கலதோசோவ் 1957இல் இயக்கிய 'நாரைகள் பறக்கின்றன' ஒன்றே அவரது பெயரை நிலைக்கச் செய்தது. மறு ஆண்டு கான் விழாவில் அப்படம் தங்கப் பனை விருதை வென்றது.

அதில் அவர் ஏற்ற வெரோனிக்கா பாத்திரம் கற்புக்கரசி அன்று. காதலன் போரிஸ் 1941இல் போர்க்களம் செல்கிறான், கடிதம் வரவில்லை. குண்டுவீச்சில் பெற்றோரை இழந்தவள், போரிஸின் ஒன்றுவிட்ட சகோதரனின் வன்முறைக்கு ஆளாகி, அவனையே மணக்கிறாள். ஆனாலும் உள்ளுக்குள் காத்திருக்கிறாள். வீரனையும் வெற்றியையும் போற்றிவந்த திரையில், ஸ்டாலின் மறைந்து நான்கே ஆண்டுகளில், வீட்டில் எஞ்சியவளின் முகம் நிறைந்தது.

தீவகத்தான் என்ற வகையில் எனக்கு இது அந்நியக் கதை அன்று. 1990 ஓகஸ்டில் மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பகுதிகளில் இராணுவத்தினர் பிடித்துச்சென்ற இளைஞர் பலர் இன்றுவரை வீடு திரும்பவில்லை. வெரோனிக்காவுக்கு இறுதியில் புகையிரத நிலையத்தில் நண்பன் ஒருவன் உண்மையைச் சொல்கிறான். அவள் அழுகிறாள்; பின் கையிலிருந்த மலர்களை அங்கு நின்றோருக்குப் பகிர்ந்தளிக்கிறாள். எங்கள் பெண்களுக்கோ அந்த ஒரு சொல் கிட்டவில்லை.

போர் முடிந்து 12 ஆண்டுகளில் அவர்கள் அப்படத்தை எடுத்தனர். எமது போர் 2009இல் முடிந்தது. அதனினும் கூடிய காலம் கழிந்துவிட்டது. எனினும் எமது கதைகளில் பெண் ஒன்றில் வீரத்தாய், அல்லது கண்ணீர் வடிக்கும் விதவை. கணவன் இருக்கிறானா இல்லையா என்றறியாமல் பொட்டு வைக்கத் தயங்குபவளும், பிள்ளைகளுக்காக இன்னொரு துணையை ஏற்றவளும் அக்கதைகளுக்குள் வருவது அரிது. ஊர் அவர்களைத் தூற்றுகிறது. எழுதுபவரும் ஒதுங்கிப் போகிறார்.

புலம்பெயர்ந்த எம்மவரிடம் இன்று கமராவும் உண்டு, பணமும் உண்டு. நெடுந்தீவிலோ ஊர்காவற்றுறையிலோ ஒரு சமோய்லோவா இல்லாமலா போய்விடுவார்? குறை நடிகையரிடத்து இல்லை. காத்திருந்து களைத்த பெண்ணைத் தெய்வமாக்காமல், பழியும் சொல்லாமல், நேர்நின்று பார்க்கும் துணிவு எமக்கு இன்னும் வரவில்லை.