குளிர்பெட்டிக் கதவு யாருடையது?

வீட்டு அலங்காரம் பற்றிப் பேசும் இதழ்ப் பக்கங்களும் காணொளிகளும் ஓர் அறிவுரையைச் சலிக்காமல் சொல்லிவருகின்றன: சமையலறை எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் ஃப்ரிட்ஜின் கதவில் எதையும் ஒட்டாதீர்கள், பளபளப்பாக, வெறுமையாக விடுங்கள். நாம் இதற்கு நேர்மாறான கருத்துடையோம். (குளிர்சாதனப் பெட்டி என்று எழுதினால் கட்டுரை நீளும், ஃப்ரிட்ஜ் என்றே எழுதினால் தமிழாசிரியர் வீட்டில் சோறு கிடைக்காது. குளிர்பெட்டி என்று வைத்துக்கொள்வோம்.)

இந்தியாவிலேயே குளிர்பெட்டி செய்யும் பணியை கோத்ரெஜ் நிறுவனம் தொடங்கியது 1958இல். நடுத்தரக் குடும்பங்களுக்கு அது வந்துசேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. வந்தபோதும் பல வீடுகளில் அது நேரே அடுக்களைக்குப் போகவில்லை, கூடத்தில் நின்றது. தலையில் குரோஷா பின்னல் விரிப்பு, அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சாடி, கைப்பிடிக்குத் துணியுறை, பக்கத்தில் ஸ்டெபிலைசர். கதவில் பூட்டு வேறு. சாவி பெரும்பாலும் மாமியாரின் இடுப்பில். அந்த அலங்காரம் முழுவதும் வந்துபோகிறவர் கண்ணுக்காகச் செய்யப்பட்டது. பின்னர் அந்தப் பொருளின் பெருமை தேய்ந்து, பெட்டி அடுக்களைக்குள் தள்ளப்பட்டது. விருந்தினரின் பார்வையிலிருந்து அது விலகிய பின்புதான் கதவு வீட்டாருடையதாயிற்று.

வண்ணத்தைக் கம்பெனியே தந்துவிடுகிறதே என்பார்கள். உண்மைதான். தூய்மையின் அடையாளமாக வெள்ளையில் தொடங்கிய பெட்டி, அமெரிக்காவில் 1950களில் இளஞ்சிவப்பும் நீலப்பச்சையும் பூண்டது. எழுபதுகளில் அவகாடோப் பச்சையும் பொன்மஞ்சளும் கோலோச்சின. நம் கடைகளில் மெரூன் நிறக் கதவுகளில் பெரிய பெரிய பூக்கள் பூத்திருக்கின்றன. அவை என்ன பூக்கள் என்று நாம் பலமுறை உற்றுப் பார்த்திருக்கிறோம். செம்பருத்தியும் அன்று, தாமரையும் அன்று. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய 99 மலர்களில் எதுவும் அன்று. ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரே காம்பில் ஒரே கோணத்தில் ஒரே பூ. இதை வண்ணம் என்று ஒப்பலாம். ஆளுமை என்று ஒப்ப மனம் வரவில்லை.

2016இல் இத்தாலிய நிறுவனங்களான ஸ்மெக்கும் டோல்சே அண்டு கபானாவும் சேர்ந்து 100 குளிர்பெட்டிகளுக்குச் சிசிலியத் தீவின் ஓவியர்களைக் கொண்டு கையால் வண்ணம் தீட்டின. அத்தீவின் கழுதைவண்டி, குதிரைவண்டிகளில் காணும் மரபோவியத்தின் சாயல் அவற்றில் உண்டு. அழகானவைதாம், ஒரு பெட்டியின் விலைக்கு இங்கே ஒரு கார் வாங்கலாம். அந்தக் கதவில் பால் கணக்கு எழுதிய தாளை ஒட்ட எவருக்குத் துணிவு வரும்?

சமையலறையின் நிறத்தை அங்கே நின்று சமைப்பவர் அல்லாதார் தீர்மானிப்பது புதிதுமன்று. இன்றைய 'மாடுலர்' சமையலறைகளின் மூதாய் எனத்தக்க ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையை 1926இல் மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி வடிவமைத்தார். அதற்கு நீலச் சாயல் பூசப்பட்டமைக்குச் சொல்லப்படும் காரணம், ஈக்கள் அந்நிறத்தை நாடா என்ற நம்பிக்கை. ஈயின் விருப்பு வெறுப்புக்குக் கிடைத்த மதிப்பு!

ஒரு சராசரித் தமிழ் வீட்டின் குளிர்பெட்டிக் கதவைப் படித்துப் பாருங்கள். படிக்கத்தக்க பனுவல் அது. எரிவாயு உருளை மாற்றிய தேதி. தண்ணீர் கேன் கொண்டுவருபவரின் எண். பால் பாக்கெட் வராத நாள்களில் சுழியிட்ட நாள்காட்டித் தாள். மகனின் தேர்வு அட்டவணை, அதில் கணக்குத் தாளுக்கு மட்டும் சிவப்பு வட்டம். மாமனாரின் மாத்திரைச் சீட்டு. திருப்பதியிலிருந்தோ வேளாங்கண்ணியிலிருந்தோ வந்த காந்த வில்லை. நான்கு கால்களும் ஒரே பக்கத்தில் முளைத்த யானை, கீழே வரைந்தவளின் கையொப்பம். 'மாவு புளித்துவிட்டது, இன்றே தோசை' என்று வேலைக்குப் போகுமுன் ஒருத்தி எழுதிவைத்த துண்டுச் சீட்டு. குறுந்தொகையின் 167ஆம் பாடலில் தயிர் பிசைந்த விரலை உடுத்திய ஆடையில் துடைத்துக்கொண்டு சமைக்கும் தலைவியைக் கூடலூர் கிழார் காட்டினார். அந்தக் கறைக்கு இருக்கும் உயிர்ப்பு இந்தச் சீட்டுக்கும் உண்டு என்பது நம் எண்ணம்.

வாடகை வீட்டில் இருப்போருக்கு இது இன்னும் கூர்மையாக விளங்கும். ஆணி அடிக்கக் கூடாது, சுவரில் கிறுக்கினால் முன்பணத்தில் கழிக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் கண்டிருக்கும். அவ்வீட்டில் குடியிருப்போர் தமதென்று சொல்லத்தக்க ஒரே சுவர் அந்தக் கதவுதான். வீடு மாறும்போது கூடவே வரும் சுவர்.

காந்தம் அக்கதவுக்கு வந்த கதையும் அறியத்தக்கது. பழைய பெட்டிகளின் கதவில் கொண்டி இருந்தது. வெளியிலிருந்து மட்டுமே திறக்கும். தூக்கி எறியப்பட்ட பெட்டிகளுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்தனர். 1956இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது: உள்ளிருந்தும் கதவைத் திறக்க முடிய வேண்டும். அதன் விளைவாகவே கொண்டி போய், ரப்பர் விளிம்புக்குள் காந்தப் பட்டை வைக்கும் முறை பரவியது. உள்ளே காந்தம் குழந்தையின் உயிரைக் காக்கிறது, வெளியே காந்தம் குழந்தையின் யானையைத் தாங்குகிறது.

ஆனால் இன்று விற்பனைக்கு வரும் கண்ணாடிக் கதவுகள் பலவற்றில் காந்தம் நிற்பதில்லை. எவர்சில்வர்க் கதவிலும் எல்லாவற்றிலும் நிற்காது. நிக்கல் கலந்த 304 வகை எஃகு காந்தத்தை ஏறக்குறைய ஏற்பதேயில்லை. ஆகவே கடைக்குப் போகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு காந்த வில்லையைக் கொண்டுபோவது நல்லது. விற்பனையாளர் வியப்போடு பார்ப்பார், பார்க்கட்டும். ஒட்டுவதிலும் ஒரு வரம்பு வேண்டும். இக்காலப் பெட்டிகள் பலவற்றில் வெப்பம் வெளியேறுவது பக்கச் சுவர்கள் வழியாகத்தான், தொட்டால் சுடும். அங்கே துணியும் தாளும் போர்த்தினால் மின்கட்டணம் ஏறும். கதவோடு நிறுத்திக்கொள்ளலாம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வீரியமிக்க குட்டிக் காந்தங்களும் ஆகா. இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

நமக்குள்ள மனக்குறை வேறொன்று. ஆங்கில எழுத்துக் காந்தங்கள் எந்தப் பொம்மைக் கடையிலும் கிடைக்கின்றன. 1993இல் டேவ் கேப்பல் என்னும் அமெரிக்கர் காந்தச் சொற்களை விற்கத் தொடங்கிய பின், அந்நாட்டுச் சமையலறைகளில் காப்பி ஆறுவதற்குள் கவிதை எழுதுகிறார்கள். தமிழுக்கு இப்படியொன்று நம் கண்ணில் தட்டுப்படவில்லை. 247 எழுத்தாயிற்றே என்று மலைக்கத் தேவையில்லை. உயிர், மெய், ஆய்தம் சேர்ந்து முப்பத்தொன்று. அகர உயிர்மெய் பதினெட்டு. கால், கொம்பு வகைகள் தனித்தனியே. தொல்லை தருவன மெய்யோடு ஒட்டிப் பிறக்கும் இகர, உகர வரிசைகளே. அவற்றை முழுதாகவே வெட்டியாக வேண்டும். எழுத்தை விட்டுச் சொல்லாகச் செய்தாலோ இலக்கணம் குறுக்கே நிற்கும். 'மரம்' என்ற சொல்லோடு 'ஐ'யை ஒட்டினால் 'மரத்தை' வராது. 'மரத்து' என்று தனியே ஒரு துண்டு வேண்டும்.

நம் மாணவர் சிலரிடம் இதைச் சொன்னபோது, காந்தத் தாள் விற்கிறது, கத்தரிக்கோலும் இருக்கிறது, வெட்டிவிடலாமே என்றார்கள். வெட்டட்டும். ஒன்றை மட்டும் அவர்களிடம் கேட்டுக்கொண்டோம்: க், ச், த், ப் நான்கையும் கைநிறைய வெட்டுங்கள். 'கீரை கூட்டு' என்று வல்லினம் மிகாமல் கதவில் தொங்கினால், அதைக் கடந்துபோய்த் தண்ணீர் குடிக்க நம்மால் இயலாது.