செல்போர்னில் குடியிருந்த எட்டு ஜோடி

இங்கிலாந்தின் தெற்கே ஹாம்ப்ஷயர் ஜில்லாவில், செங்குத்தான குன்றொன்றின் அடிவாரத்தில் இருக்கும் செல்போர்ன் கிராமத்தைக் காணச் செல்வோர், பழைய தேவாலயத்தையும் குன்றின் சரிவிலுள்ள பீச் மரக் காட்டையும் தனித்தனியே பார்த்துவிட்டு, முன்னதைச் சரித்திரத்தின் கணக்கிலும் பின்னதை இயற்கையின் கணக்கிலும் எழுதிக்கொண்டு திரும்புவது வழக்கம். இந்த இரட்டைக் கணக்கே பிழை என்பது என் அபிப்பிராயம்.

அவ்வூரிலேயே 1720-ல் பிறந்து 1793-ல் அங்கேயே காலமான பாதிரியார் கில்பர்ட் ஒயிட், 1789-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் ஊரின் இயற்கை வரலாற்றையும் பழம்பொருள்களையும் ஒரே அட்டைக்குள் சேர்த்து வைத்தார். வண்டிச் சக்கரங்களும் மழை வெள்ளமும் தலைமுறை தலைமுறையாக அறுத்ததனால் வயல் மட்டத்துக்கு 16, 18 அடி கீழே இறங்கிப்போன பாதைகளை அவர் வருணிக்கும்போது, அங்கே செழித்திருந்த பெரணிகளையும் சேர்த்தே சொல்கிறார். மனிதன் நடந்த தடம் செடிக்கு வீடாயிற்று. அதில் சரித்திரம் எங்கே முடிகிறது, இயற்கை எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க யாரால் இயலும்?

தேவாலய முற்றத்தில் நின்ற புராதனமான யூ மரத்தின் சுற்றளவு ஒயிட் காலத்திலேயே 23 அடி. 1990 ஜனவரியில் அடித்த புயலில் அது சாய்ந்தது. நிமிர்த்தி நட்டுப் பார்த்தும் பிழைக்கவில்லை. அந்த இழப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஆனால் ஓசையின்றி நேரும் இழப்பும் உண்டு. ஆண்டுதோறும் தம் கிராமத்துக்கு வந்த உழவாரக் குருவிகளை எண்ணிப் பார்த்த ஒயிட், அவை எட்டு ஜோடி என்றும், ஏறக்குறையப் பாதி தேவாலயத்திலும் எஞ்சியவை ஏழைகளின் தாழ்ந்த கூரை வீடுகளிலும் குடியிருந்தன என்றும் குறித்திருக்கிறார். நமக்கு ஆலயமாகத் தோன்றும் கட்டடம், ஆப்பிரிக்காவிலிருந்து பறந்து வரும் அந்தச் சிறு ஜீவனுக்குப் பொந்துகள் நிறைந்த பாறை. அத்தகைய குருவி, பிரிட்டனில் மிகுந்த கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் 2021-ல் சேர்ந்துவிட்டது. காரணங்கள் பல, பழைய கட்டடங்களைச் செப்பனிடுவோர் இறவாரத்துச் சந்துகளை அடைத்துவிடுவது அவற்றுள் ஒன்று.

ஒழுகும் கூரையைக் குருவிக்காக ஒழுகவிடலாமா என்று கேட்பது நியாயமே. அப்படி விட வேண்டியதில்லை; குஞ்சு பொரித்துப் பறவைகள் புறப்பட்டுப் போன பிறகு வேலையை வைத்துக்கொண்டு, அவை நுழையும் துவாரத்தை மட்டும் திறந்தபடி விட்டால், கட்டடமும் நிலைக்கும், மறு வருஷம் அதே துவாரத்தைத் தேடி வரும் குருவியும் ஏமாறாது. புராதனச் சின்னத்தின் பழுதுபார்ப்புத் திட்டத்தில் கல்லுக்கும் மரத்துக்கும் இருக்கும் இடம் அந்தத் துவாரத்துக்கும் இருக்க வேண்டும். எட்டு ஜோடி என்று எண்ணி எழுதிய பாதிரியாருக்குச் செய்யத்தக்க மரியாதை, அவர் கல்லறையைத் தரிசிப்பதைவிட, சாந்துச் சட்டியுடன் ஏணியில் ஏறும் கொத்தனாரிடம், “அந்தப் பொந்தை மட்டும் பூசாமல் விடு” என்று சொல்வதுதான்.