அருந்ததி பார்க்க அவுட்பாஸ்

கல்யாண வீட்டில் பார்த்திருப்பீங்க. பொண்ணையும் மாப்பிள்ளையையும் மண்டபத்துக்கு வெளியே கூட்டிட்டு வந்து, "அண்ணாந்து பாருங்க, அருந்ததி தெரியுதா?"ன்னு புரோகிதர் கேட்பார். காலை ஒன்பது மணி வெயில் கண்ணைக் கூசும். ரெண்டு பேரும் "தெரியுது"ன்னு தலையாட்டுவாங்க. பக்கத்துல நிக்கிற நாம சிரிப்போம்.

ஆனா அருந்ததி நிஜமாவே இருக்கு. சப்தரிஷி மண்டலத்தை ஒரு கரண்டின்னு வெச்சுக்கிட்டா, அதோட காம்பில் நடுவுல இருக்கிற நட்சத்திரம் வசிஷ்டர். அதை உத்துப் பார்த்தா, ஒட்டினாப்புல மங்கலா இன்னொண்ணு தெரியும். அதுதான் அருந்ததி. டெலஸ்கோப் வேண்டாம், காசு வேண்டாம். ராத்திரி மட்டும் வேணும். அந்த ராத்திரிதான் நம்ம காலேஜ் பொண்ணுங்களுக்குக் கிடைக்க மாட்டேங்குது.

அமாவாசையை ஒட்டி வர்ற சனிக்கிழமைகளில் நம்ம அஸ்ட்ரானமி கிளப் ஜவ்வாது மலைப் பக்கம் கேம்ப் போடுறது உங்களுக்குத் தெரியும். அந்த மலைக்குன்னு ஒரு வரலாறு இருக்கு. அங்கே இருக்கிற காவலூரை, தெளிவான இருட்டு வானத்துக்காக 1960களில் தேடிப் பிடிச்சவர் வைணு பாப்பு. 1977இல் யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது தெரிய வந்தபோது, அதற்கான நோக்கீடுகளில் காவலூருக்கும் பங்கு இருந்தது. 1988இல் அங்கே கண்டுபிடிச்ச ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பெயரையே வெச்சிருக்காங்க. இப்படி ஒரு வானம் நமக்குப் பஸ் ஏறிப் போற தூரத்துல இருக்கு.

கேம்ப்ல என்ன நடக்கும்? முதல்ல மொபைல் பைக்குள்ள போயிடும். கண்ணு இருட்டுக்குப் பழக 20, 30 நிமிஷம் ஆகும். நடுவுல யாராவது டார்ச் அடிச்சா எல்லாருக்கும் மறுபடி முதல்லேர்ந்து. அதனால சிவப்பு பேப்பர் ஒட்டின டார்ச்சுக்கு மட்டும்தான் அனுமதி. பழகினதுக்கு அப்புறம்தான் வேடிக்கை. நாம நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதால, துருவ நட்சத்திரம், தெற்குச் சிலுவை ரெண்டையும் பார்க்கிற பாக்கியம் நமக்கு உண்டு. லண்டன்காரங்களுக்குத் தெற்குச் சிலுவை கிடையாது, சிட்னிக்காரங்களுக்குத் துருவ நட்சத்திரம் கிடையாது. ஏப்ரல் நடுவில், நள்ளிரவு வாக்கில் நின்னீங்கன்னா வடக்கே அருந்ததி, தெற்கே ஒமேகா செண்டாரி. பைனாகுலர்ல பஞ்சு உருண்டை மாதிரி தெரியற அந்த ஒரு கொத்துக்குள்ள கிட்டத்தட்ட ஒரு கோடி நட்சத்திரம்!

இப்போ லேடீஸ் ஹாஸ்டல் கணக்குக்கு வருவோம். கேட் மூடுறது ஆறரை மணிக்கு. ஏப்ரல்ல நம்ம பக்கம் சூரியன் மறையறதே ஆறேகாலுக்கு மேலதான். முழு இருட்டு வர அதுக்கப்புறம் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அதாவது ஹாஸ்டல் ரூல்படி ஒரு பொண்ணு வெளியில நின்னு பார்க்கக்கூடிய ஒரே நட்சத்திரம் சூரியன்! போன ரெண்டு கேம்ப்லயும் ஒரு பொண்ணு கூட இல்லை. போஸ்டர் டிசைன் பண்ணினது பொண்ணுங்க. வான வரைபடத்தை பிரிண்ட் எடுத்து லேமினேட் பண்ணினது பொண்ணுங்க. பஸ்ஸுக்கு டாட்டா காட்டினதும் அவங்கதான்.

வார்டன் மேடமை நான் குறை சொல்லலை. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா முதல் போன் அவங்களுக்குத்தான் வரும். ஆனா "பாதுகாப்பு"ங்கிற ஒரு வார்த்தையோட பேச்சை முடிச்சிட முடியாது. உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க யுஜிசி கொண்டுவந்த 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் இதைத் தெளிவாவே சொல்லுது: பாதுகாப்பைக் காரணம் காட்டி, மாணவர்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டை ஹாஸ்டல் மாணவிகளுக்கு மட்டும் போடக் கூடாது. பாதுகாப்பு வேணும்னா அதை ஏற்பாடு பண்ணணும். கேட்டைப் பூட்டுறது ஏற்பாடு இல்லை.

"அங்க டாய்லெட் வசதி இல்லையேம்மா"ன்னு சொல்றவங்களுக்காக ஒரு கதை. அமெரிக்காவின் பாலோமர் வானாய்வகத்தில் பெண்களை நோக்கீடு செய்ய விடாம இருந்தாங்க. சொன்ன காரணங்களில் ஒண்ணு, அங்கே பெண்கள் கழிப்பறை இல்லைங்கிறது. 1965இல் முறைப்படி அனுமதி வாங்கி உள்ளே போன முதல் பெண் வேரா ரூபின். காகிதத்துல ஒரு பாவாடை உருவத்தை வெட்டி, ஆண்கள் கழிப்பறைக் கதவுல ஒட்டினாராம். "இப்போ இருக்கு பாருங்க"ன்னு அர்த்தம். அதுக்கப்புறம் அவர் கேலக்ஸிகளோட சுழற்சியை அளந்து சொன்ன முடிவுகள்தான், கரும்பொருள் இருக்குன்னு உலகத்தை நம்ப வெச்ச முக்கியமான சான்றுகளில் ஒண்ணு. இன்னைக்கு சிலி நாட்டு மலை உச்சியில ஒரு பெரிய வானாய்வகமே அவர் பேர்ல இருக்கு. ஒரு கழிப்பறையைச் சாக்காச் சொல்லி அவரை வெளியிலயே நிறுத்தியிருந்தா நஷ்டம் யாருக்கு?

"இது சிலபஸ்ல இல்லாத பொழுதுபோக்குதானே"ன்னு நீங்களே கேக்கலாம். இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு இதுல வேலை நிறைய இருக்கு. டாப்சோனியன்னு ஒரு வகை டெலஸ்கோப் இருக்கு. ஒரு குழிக் கண்ணாடி, ஒரு குழாய், பிளைவுட் பெட்டி, நாலஞ்சு டெஃப்லான் துண்டு, அவ்வளவுதான். மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப்ல தாராளமா செய்யலாம். ஈசிஇ மக்கள் டிராக்கிங் மோட்டார் சேர்க்கலாம். சிஎஸ் மக்கள் எடுத்த போட்டோக்களை அடுக்கி மெருகேத்தலாம். ஆனா செஞ்ச கருவி வேலை செய்யுதான்னு சோதிக்கிற லேப் ராத்திரிதான் திறக்கும். பாதி வகுப்பை லேபுக்கு வெளியே நிறுத்திட்டு பிராக்டிகல் நடத்துவோமா?

சரி, தீர்வு என்ன? மூணு விஷயம் கேக்கலாம்.

ஒண்ணு, கேம்புக்கு ரெண்டு பெண் பேராசிரியர்கள், காலேஜ் பஸ், பெற்றோர் கையெழுத்து, கழிப்பறை இருக்கிற தங்குமிடம். இந்த நாலும் இருந்தா யார் வேணும்னாலும் வரலாம்னு எழுத்துல ஒரு உத்தரவு. ஸ்போர்ட்ஸ் டீம் வெளியூர் போகும்போது பொண்ணுங்களுக்கு இதே ஏற்பாட்டைத்தானே பண்றாங்க?

ரெண்டு, மலைக்கு வர முடியாதவங்களுக்காக மாசம் ஒரு சனிக்கிழமை, ராத்திரி எட்டிலிருந்து பத்து வரை நம்ம கிரவுண்டிலேயே வானம் பார்க்கிற கூட்டம். லேடீஸ் ஹாஸ்டலில் இருந்து கிரவுண்ட் 200 மீட்டர். அதுக்கும் அவுட்பாஸ் மறுக்க என்ன காரணம் சொல்வாங்க?

மூணு, அந்த ரெண்டு மணி நேரம் கிரவுண்டைச் சுத்தி இருக்கிற ஃபிளட் லைட்டுகளை அணைக்கணும். பாதையில வெளிச்சம் இருக்கட்டும், வேணாம்னு சொல்லலை. மேல மூடி போட்டு, வெளிச்சம் தரையைப் பார்த்து விழுந்தா போதும். இப்போ அது பாதிக்கு மேல வானத்துக்குத்தான் போகுது. கரண்ட் பில் நம்ம ஃபீஸ்லேர்ந்து போகுது.

பசங்களுக்கு ஒரு வார்த்தை. "உங்க ரூல், உங்க பிரச்சினை"ன்னு பஸ் ஏறிடாதீங்க. அடுத்த கேம்ப் லிஸ்ட்ல ஒரு பொண்ணு பேர் கூட இல்லைன்னா, கிளப் செகரட்டரிகிட்ட ஏன்னு கேளுங்க. நீங்க கேட்டா அது கிளப்போட கேள்வி ஆயிடும்.

பொண்ணுங்களே, எப்படியும் விட மாட்டாங்கன்னு நீங்களே முடிவு பண்ணிட்டுப் பேர் கொடுக்காம இருக்காதீங்க. பேர் கொடுங்க, மறுத்தா காரணத்தை எழுத்துல கேளுங்க. மனு லைப்ரரி வாசலில் கிளப் மேசையில இருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் கையெழுத்துப் போடலாம். கேட் மூடுறதுக்குள்ள வந்துடுங்க.