அடிபட்ட காருக்குக் கையில் பத்தாயிரம்: வாங்கலாமா?

ஆமத்தூர் வாசகர் ஒருவரின் கேள்வி: சிவகாசி சாலையில் பின்னால் வந்த சரக்கு வேன் மோதி, காரின் பின்பக்கம் நசுங்கிவிட்டது. யாருக்கும் காயமில்லை. ‘கேஸ் வேண்டாம், பத்தாயிரம் தருகிறேன்’ என்கிறார் வேன் உரிமையாளர். கார் நான்கு மாதத்துக்கு முன் பழையதாக வாங்கியது. இன்சூரன்ஸ் இன்னும் விற்றவர் பெயரில் இருக்கிறது. பணத்தை வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: முதலில் ஒர்க்‌ஷாப்பில் செலவு மதிப்பீட்டை எழுதி வாங்க வேண்டும். வெளியே பம்பர் மட்டும் உடைந்ததுபோல் தெரிந்தாலும், உள்ளே சட்டம் வளைந்திருக்கலாம். ‘இனி பாக்கி இல்லை’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் மீதியைக் கேட்பது கடினம். மதிப்பீடு பத்தாயிரத்தை ஒட்டி இருந்தால், எழுத்துமூலம் வாங்கி முடித்துக்கொள்வது நல்லது. அதிகமென்றால் வாங்கக் கூடாது.

பெயர் மாற்றாததுதான் இங்கே சிக்கல். பழைய வண்டி வாங்கியவர் 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸையும் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாவிட்டால், அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கான பாதுகாப்பு தொடரும். சொந்தக் காருக்கான இழப்பீடு கிடைக்காது. ஆகவே இந்த வாசகருக்கு மிஞ்சும் வழி, மோதிய வேனின் இன்சூரன்ஸ்தான். அதை மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் வக்கீல் மூலம் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிடுவது பாதுகாப்பு.

அதற்கு ஆதாரம் வேண்டும். எந்த விபத்திலும் செய்ய வேண்டியவை:

1. காயம் இருந்தால் 108-ஐ அழைப்பதே முதல் வேலை.

2. வண்டியை நகர்த்தும் முன் இரண்டு வண்டிகளின் எண், அடிபட்ட இடம், சாலை ஆகியவை தெரியும்படி செல்போனில் படம் எடுக்க வேண்டும். எதிர் வண்டியின் ஓட்டுநர் உரிமம், இன்சூரன்ஸ் விவரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

3. 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவித்து, மனு ரசீது (சி.எஸ்.ஆர்.) வாங்க வேண்டும்.

4. சொந்த இன்சூரன்ஸில் கேட்பதானால் அன்றே கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். சர்வேயர் பார்க்கும் முன் வண்டியைப் பிரிக்கக் கூடாது.

‘தேர்டு பார்ட்டி’ இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருப்பவரின் சொந்த வண்டிக்கு அதில் ஒரு ரூபாயும் வராது. முழு இன்சூரன்ஸ் இருந்தாலும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு வழக்கமாகப் பாதி விலைதான் கிடைக்கும். ஒருமுறை பணம் கேட்டால், 20 முதல் 50 சதவிகிதம் வரையிலான போனஸ் சலுகையும் போய்விடும். எனவே சின்னக் கீறலுக்குக் கைக்காசு போடுவதே லாபம்.

பட்டாசுப் பகுதி விவசாயிகளுக்கு ஒரு எச்சரிக்கை. தீ, வெடிவிபத்தில் வண்டி சேதமானால் முழு இன்சூரன்ஸில் இழப்பீடு உண்டு. ஆனால் சொந்த உபயோகத்துக்கான காரில் வாடகைக்குப் பட்டாசுப் பெட்டி ஏற்றியிருந்தால் கம்பெனி கைவிரித்துவிடும். உரிமம் இல்லாமல் ஏற்றுவது உயிருக்கும் ஆபத்து, சட்டப்படியும் குற்றம். விவசாய டிராக்டரில் வாடகைக்கு மணல், ஜல்லி அடிப்பவர்களுக்கும் இதே நிலைதான்.

2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லை வெள்ளத்தில் வண்டிகள் மூழ்கின. தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. செய்தால் இன்ஜினுக்குள் நீர் போய் கனெக்டிங் ராடு வளையும். அந்தச் செலவைக் கம்பெனி மறுக்கலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துச் செல்வதே சரி.

கம்பெனி மறுத்தாலோ, எழுத்துப் புகாருக்கு 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் கிடையாது.

ஆமத்தூர் வாசகர் இன்றே செய்ய வேண்டியவை இரண்டு: காவல் நிலையத்தில் மனு, இன்சூரன்ஸ் பெயர் மாற்றம்.