காற்றுக் கூடங்களை வீடாக்கலாமா?

ஸ்காட்லாந்துப் பிரபுக்களின் எஸ்டேட்டுகளைப் பார்க்க வருவோர் மாளிகையோடு திரும்பிவிடுகிறார்கள். பின்புறம் அறுவை மில்லை ஒட்டி நிற்கும் மரம் உலர்த்தும் கொட்டகையை யாரும் பார்ப்பதில்லை. இன்று அவற்றில் சில பாழடைகின்றன. சில விடுமுறை இல்லங்களாகின்றன. அவற்றைக் காப்பாற்றச் சரியான வழி, மீண்டும் பலகை அடுக்குவதுதான்.

ஏன் கட்டினார்கள்?

18ஆம் நூற்றாண்டில் காடழிந்து கிடந்த நிலத்தில் பிரபுக்கள் மரம் நடத் தொடங்கினார்கள். டன்கெல்ட் தேவாலயத்தின் அருகே 1738இல் லார்ச் என்ற ஊசியிலை மரத்தின் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் அத்தோலின் கோமகன்கள் சுமார் 1.4 கோடி லார்ச் மரங்களை நட்டார்கள். 1820இல் அந்த மரத்தைக் கொண்டு ‘அத்தோல்’ என்ற போர்க்கப்பலே கட்டப்பட்டது.

மரத்தை அறுத்தால் மட்டும் போதாது, காய வைக்கவும் வேண்டும். பச்சைப் பலகை காயும்போது சுருங்கும். அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்காது. அதனால்தான் வளைகிறது, முறுக்கிக்கொள்கிறது, வெடிக்கிறது. வெளியே அடுக்கினால் மழை நனைக்கும். மூடிய அறையில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். கொட்டகை இரண்டுக்கும் விடை சொன்னது: மேலே நல்ல கூரை, பக்கங்களில் காற்று நுழையும் இடைவெளி விட்ட மரப்பட்டிகள். உள்ளே பலகைகளுக்கிடையே மெல்லிய குச்சிகள்; அவை மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும், தவறினால் பலகை தொய்யும். நுனிகள் சீக்கிரம் காய்ந்து வெடிக்காதிருக்க அவற்றில் பெயின்ட் பூசுவார்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு. எரிபொருள் செலவே இல்லை.

இன்று என்ன பயன்?

நவீன சூளை சில வாரங்களில் முடிக்கும் வேலைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதா என்று கேட்கலாம். வீட்டினுள் போடும் சாமானுக்குக் கடைசிக் கட்டத்தில் சூளை தேவைதான். ஆனால், முதற்கட்ட ஈரத்தைக் காற்றே எடுத்துவிட்டால் சூளையின் செலவு வெகுவாகக் குறையும். அதோடு, பிரிட்டன் தனக்கு வேண்டிய மரத்தில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. 2021 நவம்பரில் ‘ஆர்வென்’ புயல் ஸ்காட்லாந்தின் கிழக்கில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. அப்படி விழும் நல்ல மரத்தை உலர்த்த இடமில்லையென்றால் அது விறகாகத்தான் போகும்.

ஸ்காட்லாந்தின் பாரம்பரியக் கட்டடங்களுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டம், பட்டியலிட்ட கட்டடங்களின் தனித்தன்மையைக் காக்கிறது. அங்கு நடந்த தொழிலைத் தொடரச் சொல்வதில்லை. மரப்பட்டிகளுக்குப் பின்னால் கண்ணாடி ஏறிவிட்டால் அது கொட்டகையின் சாயல் கொண்ட வீடு மட்டுமே. வருமானம் வேண்டும் என்று உரிமையாளர்கள் சொல்வது நியாயம். ஆகவே, பழுதுபார்க்கும் மானியத்தில் மரத்தொழிலுக்கு முன்னுரிமை தர வேண்டும். வீடாக்க அனுமதி கேட்டால், சுற்றுவட்டாரத் தச்சர்களுக்கும் சிறு மில்களுக்கும் வாடகைக்குவிட முயன்றதைக் காட்டச் சொல்ல வேண்டும்.

அபர்டீன்ஷயரின் ஃபிங்கினில் நீரால் ஓடும் பழைய அறுவை மில்லை உள்ளூர் மக்களின் அறக்கட்டளை எடுத்துக் காத்துவந்திருக்கிறது. மில்லுக்குச் செய்ய முடிந்ததைக் கொட்டகைக்கும் செய்யலாம். தொழிலைக் கைவிட்டுச் சுவரை மட்டும் வைத்துக்கொள்வது மரபைக் காப்பதாகாது.