நோவைச் சொல்லிவிட்டுப் படுங்கள்



சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போயிருக்கிறீர்கள். தேக்காவில் காய்கறி வாங்கி, சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுத் திரும்பும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறீர்கள். மகள் பதறிப்போகிறாள். "அம்மா, பிலாட்டிஸ் வகுப்பில் சேர்த்துவிடட்டுமா? இருபது வகுப்புக்கு மொத்தமாகக் கட்டினால் மலிவு" என்று கைபேசியில் படம் காட்டுகிறாள். கட்டில் போல ஒன்று. அதில் ஸ்பிரிங், வார், கம்பி எல்லாம் இருக்கின்றன. ஆஸ்பத்திரிச் சாமானோ என்று உங்களுக்குப் பயம்.

பயப்பட வேண்டாம். ஆனால் அவசரப்பட்டுப் பணமும் கட்ட வேண்டாம். முதலில் அது என்னவென்று பார்த்துவிடுவோம்.

இந்தப் பயிற்சியை உண்டாக்கியவர் ஜோசப் பிலாட்டிஸ். 1883இல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது பிரிட்டன் அவரைக் காவல் முகாமில் அடைத்து வைத்தது. அங்கே படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களுக்காகக் கட்டிலில் ஸ்பிரிங்கைக் கட்டிப் பயிற்சி கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. பிறகு நியூயார்க்கில் துணைவி கிளாராவுடன் பயிற்சிக்கூடம் நடத்தினார். 1967இல் காலமானார். இன்று பணக்காரப் பொழுதுபோக்காகத் தெரிந்தாலும், இதன் கதை நோயாளியின் கட்டிலோடு சேர்ந்தது.

அந்தச் சாதனத்தின் பெயர் ரிஃபார்மர். நீளமான சட்டத்துக்குள் மெத்தை வைத்த பலகை ஒன்று சக்கரத்தில் முன்னும் பின்னும் ஓடும். பலகையைச் சட்டத்தோடு இழுத்துப் பிடிப்பவை ஸ்பிரிங்குகள். தோளுக்கு இரண்டு தாங்கி, காலை ஊன்ற ஒரு கம்பி, கைகால்களை மாட்ட வார். அவ்வளவுதான்.

ஸ்பிரிங் குறைந்தால் வேலை சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். படுத்துக்கொண்டு காலால் தள்ளும்போது ஸ்பிரிங் கூடினால் பாரம் கூடும், உண்மைதான். முட்டி போட்டோ கை ஊன்றியோ செய்யும் பயிற்சிகள் பலவற்றில், ஸ்பிரிங் குறைந்தால் பலகை நழுவும். உடம்பை நிலைநிறுத்துவது பெரும்பாடு. காண்டா வாளி சுமந்தவர்களுக்கு இது தெரியும். நிறைவாளி தோளை அமுக்கும். அரைவாளியோ தளும்பி நடையையே குலைக்கும். ஆகவே எத்தனை ஸ்பிரிங் என்பதை ஆசிரியர் பார்த்து மாட்டட்டும்.

ஸ்பிரிங் மாட்டாத பலகை தொட்டாலே ஓடிவிடும். மாட்டியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு, உட்கார்ந்து, பிறகு படுங்கள். ஓரத்துத் தண்டவாளத்தில் விரலை வைக்காதீர்கள். அடியில் ரப்பர் புள்ளி பதித்த காலுறை இருந்தால் கால் வழுக்காது.

முதல் நாள் பெரும்பாலும் கம்பியில் பாதத்தை வைத்துத் தள்ளுவதுதான் பாடம். தள்ளுவது பாதி வேலை. ஸ்பிரிங் இழுக்கும்போது 'டப்'பென்று விட்டுவிடாமல் மெல்லத் திரும்பி வருவது மீதிப் பாதி. மூச்சை அடக்காதீர்கள்.

இனி முக்கியமான விஷயம். பெரட்டில் நிற்கும்போது இடுப்பு நோவு என்றால் சம்பளம் போகும் என்று வாயை மூடிக்கொண்டு வேலைக்காட்டுக்குப் போனவர்கள் நாம். பல்லைக் கடித்துக்கொள்ளும் அந்தப் பழக்கம் இந்தக் கட்டிலில் ஆகாது. பழைய முறிவு, அறுவை சிகிச்சை, இரத்த அழுத்தம், எலும்புத் தேய்வு, கர்ப்பம் எதுவானாலும் படுக்குமுன் ஆசிரியரிடம் சொல்லுங்கள். தசை களைப்பது வேறு, சுருக்கென்று குத்துவது வேறு. குத்தினால் நிறுத்துங்கள். கால் மரத்துப் போனாலோ, பலமிழந்தாலோ முதலில் மருத்துவரிடம் போங்கள். சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

சரி, இடுப்பு நோவு தீருமா? 2015இல் காக்ரேன் ஆய்வாளர்கள் 510 பேர் பங்கேற்ற 10 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட பிலாட்டிஸ் நல்லது என்று தெரிந்தது. மற்ற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆகவே கட்டில் இல்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. வீட்டில் பாய் விரித்து மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மூச்சை விட்டபடி இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குங்கள். நோவில்லாத அளவுக்கு ஐந்தாறு முறை போதும். சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கோ, அடுக்குமாடிப் பேட்டைகளில் உடற்பயிற்சி மூலைகள் உண்டு. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் இலவசக் குழுப் பயிற்சிகளும் உண்டு.

கட்டிலில்தான் பழக ஆசையா? தாராளமாகப் பழகுங்கள். ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் முதலில் பணம் கட்டுங்கள். ஆசிரியர் உங்கள் நோவைக் கேட்டாரா, எத்தனை பேரைக் கவனிக்கிறார் என்று பாருங்கள். மொத்தமாகக் கட்டிய பிறகு கூடம் மூடிவிட்டால் பணம் திரும்புவது கடினம். 1971 முதல் இயங்கும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமும் முன்பணம் கட்டுவதில் கவனமாக இருக்கச் சொல்கிறது.

"இந்த வயதில் எனக்கெதற்கு?" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஊருக்கெல்லாம் உழைத்த இடுப்பு அது. வாரத்தில் ஒரு மணி நேரம் அது உங்களுக்காகவும் அசையட்டும்.